தகைவிலான் கூட்டுக்கு விட்ட இடம்

பேச்சிராஜாவின் கைகள் ஊஞ்சல் பலகைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன. பலகையின் இரண்டு முனைத் துளைகளிலும் கயிற்றை நுழைத்து, அடியில் குறுக்கே கொண்டுவந்து, மேலே ஏற்றி, இரட்டை முடிச்சு. முப்பது வருடமாகப் போடுகிற முடிச்சு. போட்டு முடித்ததும் பலகையை இடப்பக்கம் தள்ளிவைத்துவிட்டுக் காத்திருந்தார்.

கட்டடத்தின் வெளிச்சுவரில் தொங்கிக்கொண்டு பெயிண்ட் அடிக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முடிச்சுப் போட்டவனே அதைச் சோதிக்கக் கூடாது. கூட்டாளிதான் பலகையில் முழங்காலை ஊன்றி, கயிற்றை இழுத்துப் பார்த்து, "சரி" என்று சொல்ல வேண்டும். தன் முடிச்சின் குறை தன் கண்ணுக்குத் தெரியாது.

இடப்பக்கத்தில் யாரும் இல்லை. சயானில் அந்த ஐந்து மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் வெயில் மட்டும் இருந்தது. கூட வந்த புது ஆள் தண்ணீர் டாங்கி நிழலில் போன் பேசிக்கொண்டிருந்தான். பேச்சிராஜா கூப்பிட்டதும் வந்து, பலகையைக் காலால் ஒரு தட்டுத் தட்டினான். "பக்கா ஹை அண்ணா."

பேச்சிராஜா அன்று இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி, மாதுங்காவைப் பார்த்து நடந்தார்.

இருபத்திரண்டு வருடம் அவருடைய இடப்பக்கத்தில் நின்றவர் கணேசபாண்டியன். கூட்டாளி மட்டுமல்ல, தங்கை பேராச்சியின் புருஷன். அவர் விழுந்து இறந்து அன்றோடு நாற்பது நாள் ஆகியிருந்தது. எப்படி விழுந்தார் என்பது பேச்சிராஜாவுக்குத் தெரியும். அதில் பாதி தெரிந்த இன்னொருவரும் வெளியே சொல்லவில்லை. பேராச்சிக்கும் தெரியாது. அதைத்தான் நாற்பது நாளாக விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

பேச்சிராஜா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் தாராவிக்கு வந்தவர். முதலில் ஒரு தோல் பட்டறையில் ஆறு மாதம் இருந்தார், நாற்றம் தாங்கவில்லை. பிறகு பெயிண்ட் வேலை. பயமில்லாத ஆள், சம்பளத்தை வீட்டில் கொடுக்கிற ஆள், ஞாயிற்றுக்கிழமை துவைத்த சட்டை போடுகிற ஆள். அவரைப் பற்றிச் சொல்ல வேறு விசேஷம் ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர. அவருக்குத் தகைவிலான் குருவிகளைத் தெரியும்.

மழைக்கு முன்னால் கட்டடங்களுக்கு வெள்ளையடிக்கிற மாதங்களில்தான் அவை கூடு கட்டும். சன்னலுக்கு மேலே நீட்டிய சஜ்ஜாவுக்கு அடியில், மொட்டைமாடி விளிம்புக்குக் கீழே, மழை படாத மூலைகளில். சாதாரணமாகப் பெயிண்டர்கள் பட்டிக் கத்தியால் ஒரே தட்டில் கூட்டைத் தட்டிவிட்டு மேலே அடித்துக்கொண்டு போவார்கள். பேச்சிராஜா தட்டமாட்டார். கூட்டைச் சுற்றி ஒரு சாப்பாட்டுத் தட்டளவு இடம் விட்டு அடிப்பார். குஞ்சு பறந்த பிறகு, சாரம் பிரிப்பதற்கு முன்னால், அந்த இடத்தை முடித்துக் கொடுப்பார். முப்பது வருடத்தில் யாரும் குறை சொன்னதில்லை.

மாதுங்காவில் ஒரு கட்டடத்துக்கு அடித்தபோதுதான் பெயர்கள் தெரிந்தன. மூன்றாவது மாடியில் மகாதேவன் என்ற ஓய்வுபெற்ற வங்கிக்காரர் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயிண்டர் கூட்டைத் தட்டாததைப் பார்த்துச் சன்னல் கம்பி வழியாகவே காப்பி நீட்டினார். அவரிடம் பறவைப் படப் புத்தகம் இருந்தது. பேச்சிராஜா அதுவரை "கப்புக்கூடு குருவி", "புட்டிக்கூடு குருவி" என்று சொல்லிக்கொண்டிருந்தவற்றுக்கு அதில் பெயர் இருந்தது.

உடம்பெல்லாம் புகை படிந்த பழுப்பாக, சுவரை உரசுகிற மாதிரிப் பறந்து, அரைக் கிண்ணம் போல மண்கூடு கட்டுவது பாறைத் தகைவிலான். மலைப்பாறைக்குப் பதிலாக மாதுங்கா, சயான் பழைய கட்டடங்களை எடுத்துக்கொண்டது. வருடம் முழுக்க இருக்கும். தலையில் செம்பழுப்புத் தொப்பியும், வெள்ளை வெளேரென்ற வயிறும், வாலில் இரண்டு கம்பியும் இருந்தால் கம்பிவால் தகைவிலான். அது தண்ணீரை விட்டு வராது. நெருளில் ஓடைப் பாலத்துக்கு அடியில் பார்க்கலாம். குளிர்காலத்தில் வந்து மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருப்பது, தொண்டை சிவந்து கழுத்துக்குக் கீழே கறுப்புப் பட்டை போட்டது, வெறும் தகைவிலான். விருந்தாளி. இங்கே கூடு கட்டாது. இடுப்புக்குப் பின்னால் செங்கல் நிறமும் நெஞ்சில் கோடுகளுமாக, கழுத்து நீண்ட புட்டி போல மண்கூடு கட்டுவது செம்பிட்டத் தகைவிலான்.

கணேசபாண்டியனின் மகளை நெருளில் கட்டிக்கொடுத்திருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு இருவரும் அவளைப் பார்க்கப் போவார்கள். திரும்பும்போது நீர்நிலைப் பக்கம் நடந்து, கம்பிகளில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து இது அது என்று பேச்சிராஜா சொல்லிக்கொண்டே வருவார்.

"மச்சான், குருவிக்கு வாலு நீளம், ஒங்களுக்கு வாயி நீளம். ரயில விட்டுராதிய," என்பார் கணேசபாண்டியன். ஆனால் நின்று பார்ப்பார். மச்சான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது அவர் நம்பிக்கை.

கணேசபாண்டியன் விழுந்தது திலக் நகரில், ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில். பின்பக்கம், மொட்டைமாடி விளிம்புக்குக் கீழே, ஒரு புட்டிக்கூடு இருந்தது. உள்ளே குஞ்சுச் சத்தம். பேச்சிராஜா சாரத்தில் நின்று காதை வைத்துக் கேட்டார். "செம்பிட்டம். இன்னைலேருந்து இருவது நாளு, மிஞ்சினா இருவத்திரெண்டு. அதுக்குள்ள பறந்துரும். எடம் விட்டு அடிங்க மாப்ள."

கணேசபாண்டியன் இடம் விட்டு அடித்தார்.

இருபது நாள் ஆயிற்று. பறக்கவில்லை. இருபத்தைந்தாம் நாள் சாரம் பிரித்தார்கள். வேலையை மேற்பார்க்கிற பூலோகம் கத்தினார். தாராவியில் இவர்கள் சந்திலேயே குடியிருக்கிறவர்தான். ஆனாலும் வேலையிடத்தில் அவர் வேறு ஆள். "என்ன அண்ணாச்சி, பளிச்சுனு பில்டிங்க அடிச்சிட்டு பல்லு போன மாரி விட்டு வச்சிருக்கிய? அடுத்த சனிக்கிழம பில்டிங் கமிட்டிக்காரன் பாக்க வாரான். நான் மூஞ்சிய எங்க கொண்டு வைக்க?"

"ரெண்டு நாளு பொறுங்க," என்றார் பேச்சிராஜா. முப்பதாம் நாளும் அதையேதான் சொன்னார். "ஜூலா கட்டி எறங்கி நானே முடிச்சுத் தாரேன்." ஊஞ்சல் பலகைக்கு இங்கே ஜூலா என்று பெயர்.

முப்பத்து மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. சாயங்காலம் பேச்சிராஜா வேறொரு கட்டடத்தை அளக்கப் போயிருந்தார். பூலோகம் கணேசபாண்டியனைப் பிடித்துக்கொண்டு, "ஒம்ம மச்சானுக்கு நாளைலேருந்து வேல கெடையாது" என்று சொல்லியிருக்கிறார். கணேசபாண்டியன் எல்லோரும் போன பிறகு, ஒற்றையாளாக மொட்டைமாடிக்கு ஏறி, தானே பலகையைக் கட்டி, கயிற்றைத் தண்ணீர்க் குழாயில் மாட்டி இறங்கினார். இழுத்துப் பார்க்க ஆள் இல்லை. குழாய் அடியில் துருப்பிடித்திருந்தது.

தகவல் வந்து பேச்சிராஜா ஓடியபோது உடலை எடுத்துப் போயிருந்தார்கள். அவர் மேலே ஏறி விளிம்பில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தார். கூடு அப்படியே இருந்தது. அதைச் சுற்றிப் பாதி வட்டத்துக்குப் புதுப் பெயிண்ட், ஈரம் காயாமல். கீழே கிடந்த பிரஷ் ஒரு நீளக் குச்சியில் கட்டியிருந்தது. கூட்டில் கை படாமல் அடிப்பதற்காக எட்டி எட்டி அடித்திருக்கிறார். பட்டிக் கத்தியால் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் ஐந்து நிமிட வேலை.

மறுநாள் பூலோகம் வேறு ஆளை இறக்கிக் கூட்டைத் தட்டி, அந்த இடத்தை அடித்து முடித்துவிட்டார். அதற்குப் பிறகு பார்க்க ஒன்றும் இல்லை.

இதற்குள் வேறு கதை கிளம்பிவிட்டது. இறந்தவரின் பைக்குள் உடைந்த குவார்ட்டர் பாட்டில் இருந்தது. பைப்புக்கு அடித்த ஆயில் பெயிண்ட் கையில் பட்டால் துடைப்பதற்குத் தின்னர் வேண்டும். பெயிண்டர்கள் அதைக் குவார்ட்டர் பாட்டிலில்தான் வைத்திருப்பார்கள், பைக்குள் அடங்கும். ஆனால் காவலாளி பாட்டிலைப் பார்த்தான், "தாரூ பீயா தா", குடித்திருந்தார் என்றான். பூலோகத்துக்கும் அது வசதியாக இருந்தது. தான் சொன்ன வார்த்தையை அவர் வெளியே விடவில்லை. பேச்சிராஜாவிடம் மட்டும், பத்து நாள் கழித்து, கண்ணைப் பார்க்காமல் சொன்னார்.

"அது தின்னரு," என்று பேச்சிராஜா, ஆள் விழுந்த அன்றே, அங்கே கூடியிருந்தவர்களிடம் சொன்னார்.

"சரி, தின்னருன்னே வச்சிக்கிடுவோம்," என்றார்கள். "சாரம் பிரிச்ச பொறவு, ஆளில்லாத நேரத்துல, ஒத்தையில அங்க என்ன சோலி? தெளிவா இருக்கவன் செய்யுற வேலையா?"

அதற்குப் பதில் சொன்னால் இடம் விட்ட கதையைச் சொல்ல வேண்டும். அவர் வாயை மூடிக்கொண்டார்.

கணேசபாண்டியன் ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர். நான்கு வருடத்துக்கு முன் பேராச்சி அவரைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தாள். அதிலிருந்து தொடவில்லை. சந்தில் அதை நம்பியவள் அவள் ஒருத்திதான். உடல் வீட்டுக்கு வந்தபோது அவள் அழவில்லை. சந்து முழுக்கக் கூடியிருக்க, நின்றுகொண்டே ஏசினாள். "சூடத்த அணைச்சியே, எம் மூஞ்சியப் பாத்து அணைச்சியே, பொய்யா அணைச்ச? போ! நீ எனக்கு வேண்டாம். எடுத்துட்டுப் போங்க!" மாரடித்து அழ வந்த பெண்கள் செய்வதறியாது கலைந்தார்கள். பதினாறாம் நாளும் அழவில்லை. பதினேழாம் நாள் வேலைக்குப் போய்விட்டாள்.

மாதுங்காவில் படுத்த படுக்கையாக இருக்கிற ஒரு அம்மாளைக் குளிப்பாட்டித் துடைத்துப் புரட்டிப் போடுகிற வேலை. பயிற்சிச் சான்றிதழ் வாங்கியவள். துக்கம் காத்திருக்கும், படுக்கைப்புண் காத்திருக்காது. அந்த வேலையில் அவள் கை தவறவில்லை. ஆனால் சாப்பாடு இறங்கவில்லை; உடம்பு பாதியாகிவிட்டது. கேட்டால், "ஏமாத்திட்டுப் போனவனுக்காவ நான் எதுக்கு மெலியுதேன்? அசிடிட்டி," என்பாள்.

மாதுங்காவில் மகாதேவன் கதவைத் திறந்தபோது, சயானிலிருந்து நடந்து வந்திருந்த பேச்சிராஜாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"வா பேச்சிராஜா. என்ன இந்த வெயில்ல? ஒக்காரு, மோர் தரேன்."

"மோரு வேண்டாம் சார். ஒண்ணு கேக்கணும். செம்பிட்டத்துக் குஞ்சு முப்பத்திமூணு நாளாயும் ஏன் பறக்கல?"

மகாதேவன் எதிரில் உட்கார்ந்தார். "பறக்காம இருக்காதே. எத்தனை நாள்னு சரியா எண்ணினியா?"

"நாள் எண்ணுனது தப்பில்ல சார். சத்தம் கேட்ட அன்னைலேருந்து எண்ணுனேன்."

"பறவை வந்துபோறதைப் பாத்தியா?"

பேச்சிராஜா யோசித்தார். "நாங்க மறுநாளே முன்பக்கம் போயிட்டோம். கூட்டப் பாத்தேன் சார். புட்டிக்கூடு."

"கூட்டை விடு. கம்பியில, பைப்புல, எங்கயாவது வந்து ஒக்காந்துதா?"

"இல்ல. சாயங்காலம் மேல கறுப்பா பத்து இருவது, கீச்சுகீச்சுன்னு வட்டம் போடும். ஒண்ணும் ஒக்காராது."

"கூட்டு வாயில இறகு, பஞ்சு ஏதாவது ஒட்டிண்டிருந்துதா?"

"இருந்துது. உள்ள மெத்த போட்டது வெளிய வந்துட்டுன்னு நெனச்சேன்."

மகாதேவன் கண்ணாடியைக் கழற்றினார். "அது தகைவிலானே இல்லைப்பா. உழவாரன். அதுக்குக் கம்பியில ஒக்காரக் காலே கிடையாது. தகைவிலான் கட்டின கூட்டை எடுத்துண்டு, வாயில எச்சிலால இறகை ஒட்டிண்டு குடியேறிடும். அதோட குஞ்சு மெதுவாத்தான் வளரும். நாப்பது நாள்கூட ஆகும். சில கூட்டுல வருஷம் பூரா ராத்திரி படுக்கவும் வரும். காலியே ஆகாது." பிறகு, "ஏன் கேக்கறே? எந்தக் கட்டடம்?" என்றார்.

பேச்சிராஜாவின் கண்ணில் திலக் நகர் கூடு நின்றது. வீடு யார் கட்டியது என்று பார்த்தாரே தவிர, குடியிருப்பது யார் என்று பார்க்கவில்லை. உழவாரன் என்று தெரிந்திருந்தால் சாரம் பிரிக்கும் முன்பே வேறு ஏற்பாடு செய்திருப்பார். தகரம் வைத்து மறைத்துச் சுற்றி அடித்திருப்பார். இல்லை, மனதைக் கல்லாக்கிக்கொண்டு தட்டிவிட்டிருப்பார். இருபது நாள் என்று அவர் சொன்ன ஒரு சொல்லை நம்பி ஒரு ஆள் முப்பத்து மூன்றாம் நாள் இறங்கியிருக்கிறார்.

மோர் வந்தது. குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

"இரு, வெயில் தாழட்டும்," என்றார் மகாதேவன்.

"இல்ல சார். தங்கச்சி அஞ்சரைக்கு வந்துருவா."

தாராவியில் பேராச்சியின் வீடு பத்துக்குப் பத்து. அவர் போனபோது அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வெடித்த கைகளுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாளெல்லாம் மருந்துத் தண்ணீரில் கழுவுகிற கை.

"என்னண்ணே, இந்நேரம்? வேலயில்லயா? சாப்டியளா?"

"சாப்ட்டேன். ஏளா, கொஞ்சம் கதவ ஒஞ்சரி."

"காத்து வரட்டும், சும்மா சொல்லுங்க. யார் கேக்கப் போறா?"

அவர் கதவை ஒருக்களித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் உழவாரனில் தொடங்கினார். அவள் எண்ணெய் தேய்த்தபடியே கேட்டாள். "என்ன குருவிக்கத வந்து சொல்லுதிய," என்றாள் நடுவில் ஒரு தரம். பிறகு தட்டளவு இடம், பூலோகம் சொன்னது, குச்சியில் கட்டிய பிரஷ், ஈரம் காயாத பாதி வட்டம். அவள் கை நின்றுவிட்டது.

"அப்ப குடிக்கல?"

"இல்லம்மா. அது தின்னருதான். காலைல நான் ஊத்திக் கொடுத்தது."

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே தெரியும்."

"அன்னைக்கேன்னா? வீட்டுக்குக் கொண்டாரதுக்கு முன்னயா, பின்னயா?"

அவர் தலை நிமிரவில்லை. "முன்ன."

வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்தார்கள். பிடிக்கவில்லை, திரும்பத் திரும்ப உதைத்தார்கள். பேராச்சி எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்தாள். சத்தம் போடுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துதான் வந்திருந்தார். அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"குருவிய மாத்திச் சொன்னிய, அது தப்பு. தெரியாம வந்தது. கொழாயி துருப்பிடிச்சது ஒங்க தப்பில்ல. ஆனா நான் பொணத்து முன்னால நின்னு ஏசும்போது நீங்க பக்கத்துல நின்னியளே அண்ணே. கேட்டுக்கிட்டுத்தான நின்னிய. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அவர மடியில போட்டு அழுதிருப்பேன்ல. அழ வேண்டிய நாள்ல ஏச விட்டுட்டியளே."

"பயமா இருந்துச்சு."

"யாருக்கு? எனக்கா?"

"நீ எம் மொகத்துல முழிக்க மாட்டேன்னு."

"அதுக்கு என்னைய அவரு மொகத்துல முழிக்க விடாமப் பண்ணிட்டிய."

அவள் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள், பிறகு என்ன வைப்பது என்று மறந்தவள் போல அணைத்தாள். அவர் போகலாமா இருக்கலாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவளே சொன்னாள். "காலைல தண்ணி வார நேரத்துக்கு வாங்க. எல்லாரும் இருப்பாவ. எங்கிட்டச் சொன்னத அவங்ககிட்டயும் சொல்லுங்க. ஒண்ணும் விடாம."

மறுநாள் காலை ஐந்தரைக்குச் சந்துக் குழாயில் தண்ணீர் வந்தது. இருபது குடம் வரிசையில் இருந்தது. பூலோகமும் தோளில் துண்டோடு வாளி வைத்துக்கொண்டு நின்றார். பேச்சிராஜா குழாயடியில் நின்று சொன்னார். குரல் ஏறவில்லை, "கேக்கல, சத்தமாச் சொல்லுங்க," என்றாள் பேராச்சி வாசற்படியிலிருந்து. சத்தமாகச் சொன்னார். பாட்டில், இடம், இருபது நாள், தான் பார்க்காமல் விட்டது, தெரிந்தும் சொல்லாமல் நின்றது. பூலோகத்தின் பெயர் வந்தபோது பூலோகம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். இல்லை என்று சொல்லவில்லை.

சொல்லி முடித்ததும் பேராச்சி வாசலில் உட்கார்ந்தாள். தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். முதலில் சத்தம் வரவில்லை, வாய் மட்டும் திறந்தது. பிறகு வந்தது. "என்னப் பெத்த ராசா, பொய்யில்லாத ராசா" என்று அவள் தொடங்கியதும், வரிசையில் நின்ற பெண்கள் குடத்தை அப்படி அப்படியே போட்டுவிட்டு வந்தார்கள். நாற்பது நாளைக்கு முன் கலைந்துபோனவர்கள்தான். அவளைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து, தோளோடு தோள் கட்டிக்கொண்டு, குனிந்து நிமிர்ந்து, அவள் சொல்லை வாங்கித் திருப்பிச் சொல்லி அழுதார்கள். வேலைக்குப் போகிற ஆண்கள் சுவரோரமாக ஒதுங்கிப் போனார்கள்.

அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் பேச்சிராஜா போகவில்லை. அவரை யாரும் கூப்பிடவும் இல்லை. ஏழு மணிக்குத் தண்ணீர் நின்றுவிடும். பெண்கள் எழுந்திருக்க மாட்டார்கள் என்று தெரிந்தது. அவர் குழாயடியில் குந்தி உட்கார்ந்து, முதல் குடத்தை இழுத்து வைத்து நிரப்பினார். நிறைந்ததைத் தள்ளிவிட்டு அடுத்ததை வைத்தார். பதினாறு குடம் நிறைந்தது. பதினேழாவது பாதியில் தண்ணீர் நின்றது.

நிறைந்த குடங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய், எது யாருடையது என்று கேட்டுக் கேட்டு, அந்தந்த வாசலில் வைத்தார்.